செவ்வாய்க்கிழமை நாயை யார் பார்ப்பது?

ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 36 வயது. காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். கணவர் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். செவ்வாயும் வியாழனும் அவரும் அலுவலகம் போயாக வேண்டும். எட்டு வயதில் ஒரே மகன். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாமியார் கூடவே இருக்கிறார். இரண்டாவது மாடியில் ஃபிளாட். வளாகத்துக்குள் சிறு புல்வெளி உண்டு.

ஆட்டு மந்தையை ஒற்றை நாய் வளைத்துத் திருப்பும் வீடியோவை மகன் பார்த்ததிலிருந்து வீட்டில் அந்த மேய்ப்பு நாய் இனமான பார்டர் கோலி பேச்சுதானாம். பெயர்கூட வைத்துவிட்டானாம். தினமும் 6 கிலோமீட்டர் ஓடுகிற கணவர், தனக்கு ஓட்டத்துக்குத் துணை கிடைக்கும் என்று அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். ஏழு வாரக் குட்டி ஒன்றைப் பார்த்து முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. சாம்பல் நீல உடம்பில் கறுப்புத் திட்டுகள், ஒரு கண் மட்டும் நீலம். “தாய், தகப்பன் இரண்டுமே இதே நிறம், அதனால்தான் இவ்வளவு அழகு” என்றாராம் விற்பவர். மீதிப் பணத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் தராவிட்டால் குட்டி வேறு கைக்குப் போய்விடுமாம்.

வாசகி கேட்பது: கணவரின் ஓட்டம் இந்த நாய்க்குப் போதாதா? உலகிலேயே புத்திசாலி நாய் என்கிறார்களே, பழக்குவது சுலபம்தானே? ஃபிளாட்டில் வளர்ப்பது பாவமா? பகலில் தனிமை தெரியாமல் இருக்க இரண்டாகவே வாங்கிவிடலாமா? ஒற்றைப் பிள்ளைக்கு நல்ல துணையாக இருக்குமா?

அன்புச் சகோதரி,

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு வழக்கமாக நாய்க்கு எட்டு மாதம் ஆனபிறகுதான் வரும். சோபா கிழிந்து, கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்லி, வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருக்கும் கட்டத்தில். நீங்கள் முன்கூட்டியே எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்: ஞாயிற்றுக்கிழமை அந்த மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த நிறம். இன்னொன்று உங்கள் வீட்டுச் செவ்வாய்க்கிழமை.

நிறத்தை முதலில் பார்ப்போம். அந்தத் திட்டு நிறத்துக்கு மெர்ல் என்று பெயர். மெர்ல் மரபணு ஒன்று இருந்தால் இந்த நிறம் வரும், அதில் பெரிய கவலையில்லை. தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு சேர்ந்துவிட்டால்தான் சங்கடம். உடம்பில் வெள்ளை கூடிப்போகும். பல குட்டிகளுக்குக் காது கேட்காது. சிலவற்றுக்குக் கண் சரியாக உருவாகாமலே போய்விடும். இரண்டு மெர்ல் நாய்களை இணைத்தால் பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் இப்படி ஆக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. விவரம் தெரிந்தவர்கள் அந்த இணையைச் சேர்க்கவே மாட்டார்கள். நீங்கள் பார்த்த குட்டிக்கு உடம்பெங்கும் நல்ல நிறம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஒற்றை மரபணு பெற்ற, நல்ல ஆரோக்கியமான குட்டியாகவே இருக்கலாம். அந்த நீலக்கண்ணும் நோயில்லை. ஆனால் கூடப்பிறந்தவற்றில் வெள்ளையாகப் பிறந்த குட்டி ஏதாவது உண்டா, அது இப்போது எங்கே என்று விற்பவரிடம் கேட்டுப்பாருங்கள். கேட்டதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்றும் பாருங்கள். தெரியாமல் செய்தாரோ, தெரிந்தே செய்தாரோ, பன்னிரண்டு முதல் பதினைந்து வருடம் உங்கள் வீட்டில் வாழப்போகிற உயிரை அவரிடம் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

போன முன்பணத்தைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ரசீதோ எழுத்து ஒப்பந்தமோ இருந்தால் எடுத்துப் படியுங்கள். உடல்நலம் பற்றிய விவரத்தை மறைத்தார் என்று காட்ட முடிந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க இடமிருக்கும். சட்டப்படி எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும், அது என் துறை இல்லை. கொடுத்த காசு போய்விடுமே என்பதற்காக மீதியையும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை.

ஆறு கிலோமீட்டர் ஓட்டம்

இங்கே உங்கள் கணவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் தரப்போகிறேன். குட்டிக்கு ஒரு வயது தாண்டும்வரை அவரோடு ஓட அழைத்துப்போகவே கூடாது. கால் எலும்புகளின் நுனியிலுள்ள வளர்ச்சித் தகடுகள் மூடிக்கொள்ள 12 முதல் 18 மாதம் ஆகும். அதற்குள் தார்ச்சாலையில் ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓடவைத்தால் மூட்டு கெடும். ஓட்டத்துக்குத் துணை தேடுகிறவருக்கு முதல் ஒரு வருடம் கிடைப்பது ஓட்டத்தைக் கெடுக்கிற குட்டி: விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் ஷூ மாட்டும்போது அது சிறுநீர் கழிக்க வெளியே போக வேண்டும் என்று கதவருகே நிற்கும்.

சரி, வளர்ந்த பிறகு? ஓட்டம் நல்லதுதான். ஆனால் இந்த நாயின் பிரச்சினையை ஓட்டம் தீர்க்காது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் “நன்றாக ஓட விடுங்கள், தானாக அடங்கும்” என்று சொன்னவன்தான். மெத்தையைக் கிழித்துப் பஞ்சைப் பரப்பிய ஒரு நாய்க்கு அப்படிச் சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அதே வீட்டார் வந்தார்கள். முன்பு ஒரு மணி நேரத்தில் களைத்துப் படுத்த நாய், இப்போது இரண்டு மணி நேரம் பந்தெடுத்த பிறகும் பந்தைக் காலடியில் வைத்துவிட்டு முகத்தையே பார்க்கிறதாம். நான் செய்ததெல்லாம் அதற்கு நுரையீரல் பயிற்சி கொடுத்ததுதான். மெத்தை கிழிவது நிற்கவேயில்லை.

ஏன் இப்படி என்று புரிய, இந்த நாயை யார், எதற்காக உருவாக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலுள்ள எல்லைப்புற மலைகளில் ஆடு வளர்த்தவர்களின் கைவேலை இது. ஆட்டுநாய்ப் போட்டி 1873-லேயே வேல்ஸின் பாலா என்ற ஊரில் நடந்திருக்கிறது. 1893-ல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ‘ஓல்டு ஹெம்ப்’ என்ற நாய், குரைத்து மிரட்டாமல், தாழ்ந்து பதுங்கி, பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தும். அந்தக் குணத்துக்காக அதை இணைசேர்க்கக் கேட்டு வந்தார்கள். இன்றைக்கு உலகிலுள்ள பார்டர் கோலிகளில் ஏறக்குறைய எல்லாமே அதன் வழிவந்தவைதான். அமெரிக்கன் கென்னல் கிளப் 1995-ல் இதைத் தன் இனப் பட்டியலில் சேர்த்தபோது பெரிதாக எதிர்த்தவர்கள் யாரென்றால், இந்த நாயை வைத்து ஆடு மேய்த்தவர்கள். அழகைப் பார்த்து இணைசேர்க்க ஆரம்பித்தால் வேலை செய்யும் மூளை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு.

ஓநாயிடமிருந்து மந்தையைக் காக்கிற பெரிய காவல்நாய்கள் வேறு சாதி. அவை பகலெல்லாம் ஆடுகளுக்கு நடுவே படுத்துக்கிடக்கும். மேய்ப்பு நாய்க்கு வேலையே மேய்ப்பவரின் விசிலுக்குக் காது கொடுப்பதும், அசைகிற எதையும் கண்ணால் பிடிப்பதும்தான். வேட்டையாடும் விலங்கு இரையைப் பார்க்கும், உற்று நோக்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். இந்த வரிசையில் கடைசி இரண்டை மழுங்கடித்து, நடு மூன்றை நூறு வருடத்துக்கு மேல் தீட்டித் தீட்டி எடுத்த பிறவி இது. அந்தத் தீட்டல் ஃபிளாட்டுக்கு வந்ததும் மறைந்துவிடாது. ஆடு இல்லையென்றால் வேறொன்றை ஆடாக்கிக்கொள்ளும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி இரண்டு வயது பார்டர் கோலியை என்னிடம் அழைத்துவந்தார்கள். கையை நீட்டினேன், மோந்துபார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. என் கைக்கடிகாரக் கண்ணாடியில் பட்ட ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஒரு பொட்டாக ஆடிக்கொண்டிருந்தது. நாயின் தலை தோளுக்குக் கீழே தாழ்ந்தது, முன்னங்கால் ஒன்று அந்தரத்தில் நின்றது. கடிகாரத்தைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். பொட்டு இருந்த இடத்தை அது அதற்குப் பிறகும் இருபது நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றது. பேசும்போதுதான் தெரிந்தது: மாலையில் வெளியே கூட்டிப்போக நேரமில்லாத நாட்களில் சோபாவில் உட்கார்ந்தபடி லேசர் விளக்கைச் சுவரில் ஓட்டி அதைக் களைப்பாக்கியிருக்கிறார்கள். பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்திப் பழகிய நாய், பிறகு தட்டின் பளபளப்பு, ஃபேன் நிழல், போன் வெளிச்சம் எதையும் விடவில்லை. சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு நிழலைப் பார்த்தது. எட்டு மாதம் மருந்தும் பயிற்சியும் கொடுத்த பிறகு ஓரளவு தேறியது. அந்த வீட்டார் அன்பில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களும் தினமும் ஐந்து கிலோமீட்டர் நாயோடு ஓடியவர்கள்தான்.

கெட்டிக்கார நாய் என்றால்

சேஸர் என்ற பார்டர் கோலியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1,022 பொருள்களின் பெயரைக் கற்று, கேட்டதைக் கேட்டபடி எடுத்துவந்தது. 2011-ல் ஆய்விதழில் வெளியானது. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் இந்த நாயைத் தேடிப் போகிறார்கள். அதற்குக் கற்றுக்கொடுத்தவர் ஜான் பில்லி, ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். தினமும் நான்கைந்து மணி நேரம், மூன்று வருடம் அதோடு உட்கார்ந்திருக்கிறார். நாயின் மூளையைப் பாராட்டுகிறவர்கள் யாரும் அந்த நான்கைந்து மணி நேரத்தைச் சொல்வதில்லை.

கெட்டிக்கார நாய் நீங்கள் கற்றுக்கொடுப்பதை மட்டும் கற்காது. நீங்கள் கற்றுக்கொடுக்காததையும் உங்களைவிட வேகமாகக் கற்றுவிடும். ஃபிரிட்ஜ் கதவை இழுப்பதற்கு ஒருமுறை பார்த்தால் போதும். லிஃப்ட் சத்தம் கேட்டால் குரைக்க வேண்டும் என்று இரண்டே நாளில் தானே ஒரு வேலையை வைத்துக்கொள்ளும். குரைத்தது, லிஃப்ட் போய்விட்டது; அதன் கணக்கில் வேலை வெற்றி. சொன்ன பேச்சு கேட்பதில் இதை மிஞ்ச ஆளில்லை, உண்மைதான். ஆனால் சொல்வதற்கு ஒரு ஆள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்த நாய்க்கு நாள் முழுக்க வேலை தேவை என்பதும் தவறு. வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் தூங்கும். குட்டி 18 மணி நேரத்துக்கு மேலும் தூங்கும், தூங்க வேண்டும். பார்டர் கோலி மற்ற நாய்களைப் போலத் தானாக ஓய்ந்து படுக்காது, அதுதான் சிக்கல். ஓய்வையும் பாடமாகச் சொல்லித்தர வேண்டும்: பாயில் படு, ஒன்றும் நடக்காது, படுத்தே இரு, படுத்ததற்குப் பரிசு. என்னிடம் வரும் குட்டிக்காரர்களுக்கு நான் முதல் வாரத்தில் கற்றுத்தருவது இதைத்தான். உட்கார், கைகொடு எல்லாம் அப்புறம். பத்து நிமிடம் மூளைக்கு வேலை கொடுப்பது அரைமணி ஓட்டத்தைவிட இந்த இனத்தை அமைதியாக்கும். சாப்பாட்டைக் கிண்ணத்தில் கொட்டாமல் புல்லில் தூவித் தேடவைக்கலாம். ஒளித்துவைத்த பொம்மையைப் பெயர் சொல்லி எடுத்துவரச் சொல்லலாம். நடக்கப்போகும்போது இழுத்துக்கொண்டு போகாமல், அது மோந்துபார்க்கிற இடத்தில் நின்று காத்திருக்கலாம். இதற்கெல்லாம் காசு வேண்டாம், வீட்டில் ஓர் ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆள் திங்கள், புதன், வெள்ளியில் மீட்டிங்கில் இருக்கிறார். செவ்வாய், வியாழனில் இல்லவே இல்லை.

மகனும் பாட்டியும்

நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் உங்கள் மாமியாரின் விருப்பம் என்ன என்று ஒரு வரிகூட இல்லை. செவ்வாயும் வியாழனும் பத்து மணி நேரம் அந்தக் குட்டியோடு தனியாக இருக்கப்போகிறவர் அவர்தான். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மிஞ்சினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. முழங்கால் சிகிச்சை ஆனவர் ஒரு நாளில் எத்தனை முறை குனிந்து துடைப்பார், எத்தனை முறை இரண்டு மாடி இறங்குவார்? பெரிதான பிறகு இன்னொரு ஆபத்து. நடக்கிறவரைச் சுற்றி வட்டமடித்து, காலுக்குக் குறுக்கே வந்து திருப்புவது இதன் பிறவி வேலை. 14 முதல் 20 கிலோ எடையுள்ள நாய் குறுக்கே பாய்ந்தால் ஊன்றுகோலோடு நடப்பவர் விழுந்துவிடுவார். அவரிடம் இன்று மாலை உட்கார்ந்து கேளுங்கள். “பிள்ளை ஆசைப்படுறான், வாங்குங்க” என்று அவர் சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செவ்வாய்க்கிழமை என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று விவரமாகச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள்.

மகனைப் பொறுத்தவரை, எட்டு வயது நல்ல வயது. பத்து நிமிடப் பயிற்சி விளையாட்டுகளைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் ரசித்துச் செய்வார்கள். ஆனால் நண்பர்கள் நாலு பேர் வந்து கத்திக்கொண்டு ஓடினால் நாய்க்கு அது சிதறும் மந்தை. வளைக்கும், வளையாதவனின் குதிகாலில் பல் படும். கோபத்தில் கடிப்பது வேறு, இது வேறு. பல் பட்ட பிள்ளையின் அம்மாவுக்கு அந்த வேறுபாடு புரிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. சைக்கிள், ஸ்கேட்டிங் பலகை, சில நாய்களுக்குக் கார்கூட ஆடாகிவிடும். காரைத் துரத்திச் செத்த மேய்ப்பு நாய்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. குட்டிப் பருவத்திலிருந்தே பழக்கினால் கட்டுப்படுத்தலாம். முற்றிலும் அழிக்க முடியாது. பிள்ளைகள் ஓடி விளையாடும் நேரத்தில் நாயை வேறு அறையிலோ, கயிற்றில் பெரியவர் கையிலோ வைத்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். இந்த நாய் தம்பி மாதிரி இருப்பதைவிட, அவனை எப்போதும் கண்காணிக்கிற வாத்தியார் மாதிரி இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஃபிளாட்டும் இரண்டாவது நாயும்

ஃபிளாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெரிய தோட்டம் உள்ள வீட்டில்தான் இந்த நாய் வளரும் என்பது பரவலான தவறு. தோட்டத்தில் தனியாக விடப்பட்ட பார்டர் கோலி வேலியோரம் தடம் பதிய ஓடி, தெருவில் போகிறவரையெல்லாம் மேய்க்கும். தோட்டம் இருந்தால் வீட்டாரும் வெளியே கூட்டிப்போவதைக் குறைத்துக்கொள்வார்கள். ஒழுங்காக நேரம் கொடுக்கிற ஃபிளாட்காரரிடம் நிம்மதியாக இருக்கும் பார்டர் கோலிகள் எனக்குத் தெரிந்தே உண்டு. சத்தம்தான் பார்க்க வேண்டிய விஷயம். மேய்ப்பு இனங்களில் இடிக்கும் வெடிக்கும் நடுங்குகிற நாய்கள் நிறைய, குரைப்பதும் கூடுதல். வாடகை வீடானால் ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

வெயில் அதிகமான நாட்களில் இதன் அடர்ந்த இரட்டை ரோமத்தை மழித்துவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள், அது வெயிலிலிருந்தும் காக்கும். அதைவிட முக்கியம், களைத்தாலும் இது நிற்காது. பந்து எறிவதை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாக வாங்குவதற்கு என் பதில் சுருக்கம்: வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று கவனித்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். ஒரே வயதுக் குட்டிகள் இரண்டு சேர்ந்தால் ஒன்றையொன்று உசுப்பேற்றும், உங்கள் சொல் மூன்றாவது இடத்துக்குப் போய்விடும். முதல் நாய் மூன்று வயது தாண்டி நிதானப்பட்ட பிறகு யோசிக்கலாம்.

இனி உங்கள் முன்னால் உள்ள வழிகள்

ஆசையை அப்படியே கைவிடச் சொல்ல நான் எழுதவில்லை. காலையில் விடாமல் ஓடுகிற ஒருவர், கற்றுக்கொடுக்க ஆசைப்படும் ஒரு பிள்ளை என்று உங்கள் வீட்டில் நல்ல அம்சங்கள் இருக்கின்றன. முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்.

நாய் இல்லாமலே நான்கு வாரம் நாய் வளர்த்துப்பாருங்கள். காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி, கயிற்றைக் கையில் பிடித்ததாக நினைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். கணவரின் ஓட்டம் இதில் சேராது. நடுவே பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை, யார் பயிற்சி கொடுப்பது என்று பெயர் எழுதி, அந்த நேரத்தில் அவர் வேறெதையும் செய்யாமல் உட்கார வேண்டும். மழை நாள், காய்ச்சல் நாள், அலுவலகத்தில் தாமதமான நாள் எல்லாம் கணக்கில் சேரும். காலண்டரில் குறித்துவாருங்கள். 28 நாளில் 24 நாளாவது முழுதாக நிரம்பினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், உங்கள் பக்கம் நின்று பேசுகிறேன். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது வாரமே செவ்வாய், வியாழன் கட்டங்கள் காலியாக இருக்கும். நாளைக்கு நேரம் ஒதுக்குவோம் என்ற எண்ணத்தை நம்பிக் குட்டி வாங்குகிறவர்களைவிட, இந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் தேறிவிடுவார்கள்.

நிரம்பினாலும் குட்டியை நான் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். மூன்று நான்கு வயதான பார்டர் கோலிகள், வளர்க்க முடியாமல் விட்டவர்களிடமிருந்து மீட்பு அமைப்புகளுக்கு அடிக்கடி வருகின்றன. விடலைப் பருவம் தாண்டிய நாய் எப்படிப்பட்டது என்று கண்ணால் பார்க்கலாம்: வீட்டில் ஓய்ந்து படுக்கிறதா, பிள்ளைகளைப் பார்த்ததும் பதுங்குகிறதா, லிஃப்ட் சத்தத்துக்கு என்ன செய்கிறது. ஏழு வாரக் குட்டியிடம் இவை எதுவும் தெரியாது. முடிந்தால் தற்காலிகமாகப் பராமரிக்கக் கேட்டு இரண்டு வாரம் வீட்டில் வைத்துப்பாருங்கள். உங்கள் மாமியாரின் உண்மையான சம்மதமும் அப்போதுதான் தெரியும்.

‘ஆடு மேய்க்கத் தேறாத வம்சம், அதனால் சாது’ என்று சொல்லி விற்பார்கள். கவனம். ஆட்டைப் பிடிக்காத நாய் அமைதியான நாய் என்று ஆகிவிடாது. வேகமும் பதற்றமும் அப்படியே இருந்து, வேலை மட்டும் தெரியாமல் இருக்கலாம். பார்டர் கோலிக்குப் பதில் பெல்ஜியன் மாலினுவா, ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் என்று யாராவது ஆசைகாட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள், உங்கள் வீட்டுக்கு அவை இன்னும் கடினம். நீள ரோமமுள்ள ரஃப் கோலி பொதுவாக நிதானமானது. ஷெட்லாண்ட் ஷீப்டாக் உடம்பில் சிறியது, பழக இனியது, ஆனால் வாயாடி. இனமே முக்கியமில்லை என்றால், காப்பகத்தில் இருக்கிற நிதானமான கலப்பின நாய் ஒன்று உங்கள் மகனோடு பத்து நிமிட விளையாட்டை ரசித்துவிட்டு மற்ற நேரம் பாட்டியின் கட்டிலடியில் தூங்கும். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு இதுதான் பொருத்தம்.

எப்படியும் பார்டர் கோலிக் குட்டிதான் என்று முடிவானால், வேறொரு வளர்ப்பாளரிடம் போகும்போது இவற்றைக் கேளுங்கள்:

தாயை நேரில் பார்க்க வேண்டும், அது இருக்கும் வீட்டிலேயே. வந்தவரைக் கண்டு ஒதுங்குகிற, சத்தத்துக்கு நடுங்குகிற தாயின் குட்டி வேண்டாம்.

பெற்றோரின் இடுப்பு மூட்டு எக்ஸ்-ரே அறிக்கை, கோலி இனங்களுக்குரிய கண்நோய்க்கான மரபணுச் சோதனை இரண்டையும் தாளில் காட்ட வேண்டும். வலிப்பு வம்சத்தில் உண்டா என்றும் கேளுங்கள்.

எம்.டி.ஆர்.1 என்ற மரபணுக் குறை ரஃப் கோலியிலும் ஆஸ்திரேலியன் ஷெப்பர்டிலும் அதிகம், பார்டர் கோலியில் அரிது. இருந்தால் ஒட்டுண்ணிகளுக்கான ஐவர்மெக்டின் மருந்தை அதிக அளவில் கொடுத்தாலும், மனிதர்கள் வயிற்றுப்போக்குக்குப் போடும் லோபரமைடு மாத்திரையாலும் உயிருக்கே ஆபத்து வரலாம். எந்த மேய்ப்பு இன நாய்க்கும் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுப்பாரா? நல்ல வளர்ப்பாளர் இதை நீங்கள் கேட்கும் முன்பே சொல்வார். உங்களிடம் செவ்வாய்க்கிழமை யார் பார்ப்பது என்றும் கேட்பார். கேட்காதவரிடம் வாங்காதீர்கள்.

இப்போதைய விற்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வரி செய்தி போதும்: நாங்கள் வாங்கவில்லை. காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வேறு ஆள் தயாராக இருக்கிறார் என்பார், இருக்கட்டும்.

மகனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கும். அந்த நான்கு வாரக் காலண்டரை அவன் கையில் கொடுத்துவிடுங்கள், கட்டங்களை நிரப்புவது அவன் வேலை. பெயரையும் மாற்றச் சொல்லாதீர்கள். வளர்ந்த நாயைக் கொண்டுவந்தாலும், கூப்பிடும்போதெல்லாம் ஒரு துண்டு தின்பண்டம் கிடைத்தால் சில நாட்களிலேயே அது புதுப்பெயருக்குத் திரும்பிப் பார்க்கும்.